அல்சூர் ஏரி, கேள்வி எண் பதினான்கு

உயிர்காப்பு அங்கி அணியாததன் காரணம்?
புழுக்கம், நாற்றம், அளவு போதாமை, பிற.
'பிற'வில்தான் பேனா அதிகம் ஓடியது:
போட்டோவில் குண்டாகத் தெரியுமாம்.
அரைமணி நேரம்தானே சார்.

டிக்கெட் ஜன்னலில் மரியதாஸ்
நாற்பத்திரண்டு என்றார்.
கொக்கி பூட்டுகிறவை?
எண்ணப் போனவர் வர நேரமாயிற்று.
பதினேழு. அதிலும் ரெண்டுக்கு ஷூ கயிறு.

பெரியவர் அங்கிக்குள் ஒரு சிறுமி,
நெற்றி மட்டும் வெளியே,
கன்னடத்தில் எதையோ முணுமுணுத்தபடி
எட்டாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள்.
படிவத்தில் அவளுக்குக் கட்டமில்லை;
பதினெட்டுக்கு மேல்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகையில் மரியதாஸ் கேட்டார்:
"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

நடுத்தீவு வரை படகில் போய்
ஆட்களை எண்ணிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன்,
படிவங்கள் நனையாதிருக்க
என் அங்கியை
அவற்றின்மேல் போர்த்தி.