பதினொரு நிமிடம்

மேல்வீட்டுக்குப் பியானோ வந்த அன்று
நான்கு ஆட்கள், இரண்டு கயிறு,
படிக்கட்டுச் சுவரில் நீளமாய் ஒரு கீறல்.
கீறலைப் பற்றிப் புகார் எழுதியது நான்தான்.
பதில் வரவில்லை.

அது செப்டம்பர்.
தார்த்து நகரில், எங்கள் கார்லோவா தெருவில்,
உதிர்ந்த ஆப்பிள்களை வாளியில் நிரப்பி
'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சீட்டெழுதி
வேலிக்கு வெளியே வைக்கும் மாதம்.
உர்வேக்கு ஐம்பத்தாறு வயது.
பல்செட்டு செய்யும் கூடத்தில் வேலை.
அதுவரை ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லையாம்.
'கிறிஸ்துமஸுக்குள் ஒரு வால்ட்ஸ், முழுசாக'
என்றாள் தபால்பெட்டியருகே.

நான் சிரிக்கவில்லை.
என் ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருந்தன
அகலக்கால் வைத்த ஒன்பது வரிகள்:
விடியலில் ஆற்றோரம் ஓட்டம்,
பத்து கிலோ குறைப்பு,
ஃபின்னிஷ் மொழி, புகைக்கு முழுக்கு,
இப்படியே போய்
ஒன்பதாவதாக
பர்னுவில் இருக்கும் அண்ணனோடு சமாதானம்.
போன வருடத்துத் தாள்.
தேதியை மட்டும் திருத்தியிருந்தேன்.

அக்டோபர் முழுக்க
கட்டைகள் மேல் பூனை ஓடியது.
ஒன்றரை மணி நேரம் ஓடும்,
பிறகு மூடி அறையும் சத்தம்,
என் விளக்கு நடுங்கும்.
பிறகு ஐந்து நாள் ஒன்றுமே இல்லை.
எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்,
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
நம் கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்துவிட்டதைப் போல.

நவம்பரில் வேறுமாதிரி.
ஏழு பத்துக்குத் தொடங்கும்.
நான்கே கட்டம்.
திரும்ப அதே நான்கு.
ஏழு இருபத்தொன்றுக்கு நின்றுவிடும்.

அதென்ன பதினொன்று என்று கேட்டேன்.
'பத்து என்றால் ஏமாற்றத் தோன்றுகிறது,
பதினைந்து என்றால்
உட்காரவே தோன்றுவதில்லை' என்றாள்.
கையில் பால் பாக்கெட்,
பூட்ஸில் சேறு.

மூன்றாம் கட்டத்தில் ஒரு விரல்
தினமும் பக்கத்துக் கட்டையில் விழும்.
தினமும்.
உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்ற
அந்தத் தவறுதான் எனக்கு மணி.

கிறிஸ்துமஸ் வந்தது.
வால்ட்ஸ் வரவில்லை.
'ஏழு கட்டம் ஆகிவிட்டது' என்றாள் படியில்,
கூடையில் கிடக்கும் முட்டைகளை
எண்ணிச் சொல்கிறவள் போல,
கூட்டாமல், குறைக்காமல்.

ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
முடிந்தது, என்று நினைத்தேன்.
அன்று மாலை
கடிகாரத்தை நான் பார்க்கவேயில்லை என்று
சொன்னால் அது பொய்.

ஏழு பத்து.
இடது கை மட்டும்.
தம், தம்தம். தம், தம்தம்.
மேலே பாட்டில்லாத வெறும் நடை,
ஆளில்லாத கோட்டு
தானே தெருவில் நடப்பதுபோல்.
சமையலறையில் கரண்டியோடு நின்ற நான்
அவளுடைய வலது கையை
விசிலடித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் கட்டத்துத் தவறோடு சேர்த்து.

பட்டியலைக் கிழித்தேன்.
எட்டு வரி குப்பைக்குப் போனது.
ஒன்பதாவதையும் அப்படியே வைக்கவில்லை.
சமாதானம் என்ற சொல்லை அடித்து
'ஞாயிறு. போன். வானிலை கேட்பது'
என்று எழுதினேன்.
அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது.

'யார்?' என்றான் ஹிந்த்ரெக்.
'நான்தான். அங்கே பனியா?'
'பனிதான்.'
வைத்துவிட்டேன்.
கை வியர்த்திருந்தது.

அடுத்த ஞாயிறும் பனி.
அதற்கடுத்த ஞாயிறு எடுக்கவில்லை;
மணி அடித்தது, அதுவே கணக்கில் சேர்த்தி.
பிப்ரவரிக் கடைசியில்
'கடலோரம் ஐஸ் விரிசல் விடுகிறது' என்றான்,
பிறகு சற்று நேரம் கழித்து,
'உங்கள் பக்கம் ஆறு எப்படி?'

புகையை விடவில்லை.
ஓடவும் இல்லை, எடை அப்படியேதான்.

மேலே கட்டுப் பிரித்தாயிற்று.
ஒன்பதாம் கட்டத்தில் இருக்கிறாள்.
மூன்றாவதில்
இன்னும் அதே விரல்,
அதே பக்கத்துக் கட்டை.
உருளைக்கிழங்கை ஏற்றுகிறேன்.