இருபது சதவீதச் சர்க்கரை

டர்பன். விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
குழாயின் அடியில் சர்க்கரைக் கரைசலை
நீள ஊசியால் மெல்ல இறக்குகிறேன்.
மேலே மூன்று நாள் செல் வளர்ப்பின் தெளிநீர்,
கீழே சர்க்கரை.
நடுவே கலக்காமல் நிற்கும் ஒரு கோடு,
கை நடுங்கினால் போச்சு.

சன்னலில் துறைமுகம், சர்க்கரைக் கிடங்குகளின் வளைந்த கூரை.
என் கொள்ளுத்தாத்தா வெட்டிய கரும்பு என்று
இங்கே ஒரு வரி எழுதலாம்.
எழுத மாட்டேன்.
இந்தச் சர்க்கரை ஜெர்மனியிலிருந்து வந்தது.
சுத்தம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து,
டப்பாவில் தொகுதி எண் இருக்கிறது.

மூடியைத் திருகுகிறேன்.
நிமிடத்துக்கு இருபத்தெட்டாயிரம் சுற்று.
கனமுள்ளது சர்க்கரையைத் துளைத்து அடிக்குப் போகும்,
மற்றதெல்லாம் மேலேயே தங்கிவிடும்.

போவது வைரஸ் அல்ல,
வைரஸின் சட்டை.
உள்ளே அதன் மரபெழுத்து இல்லை, தொற்றாது, பெருகாது,
கடிதம் வைக்காமல் ஒட்டிய உறை.
அந்த உறையின் மேல்தான் கிளாடின்.

வயிற்றின் உட்சுவரில்
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே தையலாக இருப்பது அது.
சுவர் ஒழுங்காய் உள்ளவரை யார் கண்ணிலும் படாது.
புற்று வந்து தையல் பிரிந்ததும்
வெளியே தெரியும்,
வெளிச்சம் போட்டதும் அகப்பட்டவன் முழிக்கிற மாதிரி.
அந்த முழியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று வேண்டும்.

நான்கு முறை சவ்வைக் குத்திக் கடந்து மடங்கிய புரதம்.
போன வருடம் சோப்புநீரில் தனியாகப் பிரித்தோம்.
சுருண்டுவிட்டது.
எந்த ஆன்டிபாடிக்கும் அதை அடையாளம் தெரியவில்லை.
சவ்வோடு எடு, இல்லாவிட்டால் எடுக்காதே
என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

நொம்செபோ வருகிறாள்.
அவள் பெயரின் நடுவே நாக்கு சொடுக்கும் ஓர் ஒலி,
அதற்குத் தமிழில் எழுத்தில்லை.
இந்தச் சட்டையைத் தைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்:
எச்.ஐ.வி.யின் உட்கூட்டைக் கட்டும் புரதம்.
'காக்' என்று பெயர்,
'காக்க' என்று சொல்ல வந்தவன்
பாதியில் நிறுத்திக்கொண்டது போல.

அவள் அண்ணன் பெகிஸிஸ்வே.
உம்லாஸி, மாத்திரை வராத வருஷங்கள், வயது இருபத்தாறு.
முதல் நாள் என்னிடம் கேட்டாள்:
"தான் யார் என்று இதற்குத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"எனக்குத் தெரியும்."
கையுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டாள்.
விதிப்படி ஒன்று போதும்.
இன்றும் இரண்டு.

நாலே முக்காலுக்கு மின்சாரம் போனது,
அட்டவணையில் இல்லாத வெட்டு.
சுழலி தன் வேகத்திலேயே ஓடி ஓடித் தணிந்தது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள் பதினோரு நொடி.
இருட்டில் அவள் எண்ணினாள், ஜூலுவில்.
நான் எதுவும் எண்ணவில்லை,
குழாய்க்குள் அந்தக் கோடு நிற்கிறதா என்று மட்டும்.

மறுபடி ஓட்டினோம். அடியில்
மீன் செதிலின் ஓரம் போல ஏதோ ஒட்டியிருந்தது.
இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மாலையில் தட்டு.
பன்னிரண்டு ஆன்டிபாடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழி:
கிளாடின் உள்ள சட்டை, வெறும் சட்டை.
நீலம் பரவியது,
எனக்குச் சிரிப்பு வந்தது,
பிறகு வெறும் சட்டையின் குழிகளும் நீலமாயின.
நாங்கள் தேடியதை விட்டுவிட்டு
சட்டையையே பிடித்துக்கொண்டவை, ஒன்று, மூன்று, எட்டு...
பதினொன்று.

ஏழாவதின் வெறுங்குழி மட்டும் தண்ணீராய் நின்றது.
நொம்செபோ குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.
நீலமான குழியை அல்ல.

"நாளைக்குத் திரும்பச் செய்யணும்" என்றேன்.
"மூன்று தரம்" என்றாள்.

தராசுக்குப் பக்கத்தில் காலையில் சிந்திய சர்க்கரைக்கு
எறும்பு வந்திருந்தது.
ஜெர்மனியா நேட்டாலா என்று அவை கேட்கவில்லை.
துடைக்கத் துணி எடுத்தேன்.
"போகட்டும், இரு" என்றாள்.
வரிசை முடியும்வரை
இரண்டு பேரும் நின்றோம்.