வியர்வை ஆறும் வரை

மைனஸ் முப்பத்தொன்று.
கோட்டுக்குள் வைத்துப் பொத்தானிட்டுப் பேருந்தில் ஏறினேன்.
முன் இருக்கைப் பெண் என் வயிற்றைப் பார்த்தாள்,
எழுந்து இடம் கொடுத்தாள்.
உட்கார்ந்துகொண்டேன்.
பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை,
அவ்வளவுதான்.

உள்ளே இருந்தது ஒரு கிராபிக்ஸ் அட்டை.
ஊருக்கு வெளியே ஏதோ கொட்டகையில்
இரண்டு வருடம் இரவும் பகலும் நாணயம் தோண்டியது.
விற்றவன் பெயர் பில்கூன்.
கார் எஞ்சினை அணைக்காமலே விற்றான்.
"விசிறி ஒன்று முனகும், மற்றபடி தங்கம்."
நான் படிப்பது சுரங்கப் பொறியியல்.
தங்கம் என்பவனிடம் மாதிரி கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.
கேட்டேன்.
கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினான். அட்டை ஓடியது.
யாருடைய அட்டையோ.
மூன்று லட்சத்து எண்பதாயிரம் துக்ரிக் என்றவன்
என் விரல்கள் விறைத்து, அவன் விரல்களும் விறைத்து
மூன்று ஐம்பதுக்கு இறங்கினான்.
பேரம் பேசியது குளிர்தான்.

மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் பூஸ் மடிக்கிறேன்,
ஆட்டிறைச்சி வைத்து, பதினெட்டு மடிப்பு,
மணிக்கு நூற்றிருபது.
இந்த அட்டை
எட்டாயிரத்து நானூறு பூஸ்.

பெட்டி, பல்கலைக்கழகம் கழித்துப்போட்டது.
நெற்றியில் இன்னும் எழுதியிருக்கிறது: கணக்குப் பிரிவு 3.
அட்டை நீளம், பெட்டி குட்டை;
ஆய்வக ரம்பத்தை இரவல் வாங்கி
டிஸ்க் கூண்டை அறுத்தெடுத்தேன்.
ராம் ஒற்றைக் குச்சி. அதன் ஜோடி பிப்ரவரியில் வரும்,
பிப்ரவரியில் சம்பளம் வந்தால்.
பவர் சப்ளை மட்டும் புதுசு, உறை பிரிக்காதது.
அதில் கஞ்சத்தனம் செய்தால் மற்றதெல்லாம் கரி.
உலான்பாத்தரில் கரிக்குப் பஞ்சமில்லை.

விடுதி அறைக்குள் நுழைந்து அவசரப்பட்டுப் பிரித்தேன்.
அட்டைக்கு வியர்த்தது.
வெள்ளிச் செதில்களெல்லாம் பொடிப்பொடியாய் நீர்.
"மாட்டு, மாட்டு" என்றாள் சாரூல், திருப்புளியும் கையுமாய்.
ஈரத்தோடு மாட்டினால் போச்சு.
நாலு மணி நேரம்.
கட்டிலில் துண்டு விரித்து அதைக் கிடத்தினோம்,
நாங்கள் தரையில்.
சாரூல் புள்ளியியல் போட்டாள், தப்பாகப் போட்டாள்.
பக்கத்து அறை நந்தின்-எர்தெனே வந்து எட்டிப் பார்த்து
"எந்த கேம் விளையாடப் போறே?" என்றாள்.

ஆறு மாதமாக எனக்கு எல்லா விலையும் தெரியும்.
இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலில்லை,
காசும் இல்லை.

இதுவரை எல்லாம் பிசி கடையில், மணிக்கணக்கில்.
திரை மூலையில் ஒரு எண் இறங்கிக்கொண்டே இருக்கும்.
டிராகன் வாயைத் திறக்கும், என் நேரம் முடியும்.
ஒரு கதையின் முடிவும் நான் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு மாட்டினோம்.
சுவிட்ச்.
விளக்கு எரிந்தது, விசிறி சொன்னபடியே முனகியது,
திரை கறுப்பு.
பில்கூனை, அவன் காரை, அவன் ஏழு தலைமுறையை
நான் வாயாரத் திட்டிக்கொண்டிருக்கையில்
சாரூல் பின்னால் குனிந்து பார்த்து
"ஒயரைத் தப்பு ஓட்டையில சொருகியிருக்கே" என்றாள்.

இலவசமாய்க் கிடைத்த ஏதோ ஒரு விளையாட்டு.
ஒரு பள்ளத்தாக்கு. புல். புல்லில் ஒருத்தி நிற்கிறாள்,
கையில் வில்.
நான் எந்த விசையையும் தொடவில்லை.
கண் தானாக மூலைக்குப் போனது,
மறுபடியும் போனது.
அங்கே எண் இல்லை.

நேரம் என்ன இருக்கும் தெரியாது,
சாரூல் தன் கையுறைகளை எடுத்து வந்து
பெட்டியின் பின்பக்கக் காற்றில்
உலரப் போட்டாள்.