போதுந்தி

சார்பதிவாளர் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போனபோது
பழைய மேசைகளை வேப்பமரத்தடியில் போட்டு ஏலம் விட்டார்கள்.
ஆயிரத்து எழுநூறுக்கு ஒன்று எனக்கு விழுந்தது.
தேக்கு. ஒரு டிராயர் திறக்காது.
பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் மெஸ்;
இலை போட ஒரு மேசை குறைந்தது, அவ்வளவுதான்.

முதல் நாளே லைன்மேன் இலையை நகர்த்திப் பார்த்து
'என்னம்மா, ரத்தமா?' என்றார்.
ரத்தமில்லை. ஊதா.
முத்திரைப் பேடு முப்பது வருஷம் உட்கார்ந்த இடம்.
அதற்கு வலப்பக்கம் நீலக்கறுப்பு:
எப்போதோ கவிழ்ந்த புட்டியின் ஏரி,
அதிலிருந்து ஓர் ஓடை
விளிம்பு வரை போய், யோசித்து, நின்றிருந்தது.

எலுமிச்சையும் கல்லுப்பும் தேய்த்தேன்; என் கைதான் எரிந்தது.
தயிர் பூசினேன், எறும்பு வந்தது.
நர்ஸ் எஸ்தர் கொடுத்த ஸ்பிரிட்டுக்கு
ஊதா இளகிப் பஞ்சில் ஏறியது.
நீலத்துக்கு எதுவும் காதில் விழவில்லை.
'மேலே ஒரு மைக்கா ஒட்டிடு, கதை முடிஞ்சுது'
என்றார் வஜ்ஜிரவேலு.
என் வீட்டுக்காரருக்கு எதன்மேலும் எதையாவது ஒட்டித்தான் பழக்கம்.

நகரிக்குப் பஸ் ஏறினேன்.
சாயப்பட்டறைகளுக்கு மருந்து விற்கிற கடையில்
சர்க்கரை மாதிரி இருந்த ஆக்ஸாலிக்கை
நிறுத்துப் பொட்டலம் கட்டி, வாயில் வைக்காதே என்று சைகை செய்து,
'போதுந்தி அம்மா' என்றார் கடைக்காரர்.
தெலுங்கில் அது 'போய்விடும்'.
காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் 'போதும்'.
எங்கள் வீட்டில் ரெண்டு பாஷையும் ஒரே தட்டில்தான் சாப்பிடும்,
எனக்குத் தெரியாததில்லை.
இருந்தும் செக்போஸ்ட் தாண்டும் வரை
அவர் எதைச் சொன்னார் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கைக்குப் பால் கவரை மாட்டிக்கொண்டு
வெந்நீரில் கரைத்துப் பிரஷ்ஷால் இழுத்தேன்.
இரவு ஒரு தரம், விடிகாலை ஒரு தரம்.
ஏரி டீ நிறமானது. பிறகு கஞ்சி நிறம்.
சோடா உப்புத் தண்ணீரில் கழுவி
காயட்டும் என்று மேசையைக் கவிழ்த்தேன்.

அடியில் விரல்கள்.

முன்பக்க விளிம்புக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு,
ஒன்றின்மேல் ஒன்றாக இடது கட்டைவிரல்கள்.
வால் இழுத்தவை, அழுத்தித் திருகியவை,
ரெண்டு முறை துடைத்தும் திருப்தி வராதவை.
கிளார்க் விரலைப் பிடித்து உருட்டிவிட்டு
'அடுத்து' என்பான். துணி தரமாட்டான்.
வேட்டி வெள்ளை, புடவை அன்றைக்குத்தான் மடிப்பு கலைந்தது.
கை மேசைக்கு அடியில் தானே போயிருக்கும்.

நானும் போயிருக்கிறேன்.
விடுதலைப் பத்திரம், பதினாலு வருஷம் முன்னால்.
அறுபத்திரண்டு சென்ட், கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், தம்பி மொகிலி பேருக்கு.
'மனப்பூர்வமாக, எவருடைய தூண்டுதலும் இன்றி' என்று
பத்திரம் எழுதுகிறவர் வாசித்தபோது எனக்குப் பசி.
எட்டாங்கிளாஸ் கையெழுத்தில் நீட்டி என் பெயரைப் போட்டேன்,
அப்படியும் விரலைக் கேட்டார்கள்.
வெளியே வந்ததும் தம்பி மசால் தோசை வாங்கித் தந்தான்.
சட்னி புளித்திருந்தது, அது ஞாபகம் இருக்கிறது.
விரலை எங்கே துடைத்தேன் என்பது இல்லை.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து
ஒவ்வொன்றின்மேலும் என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தாத விரல் ஒன்றுகூட இல்லை.

பொட்டலத்தில் இன்னும் ரெண்டு ஸ்பூன் இருந்தது.
'அடியில யாரு பாக்கப் போறா?' என்றார் இவர்.
சுருட்டிப் பரண்மேல் வைத்தேன்.

இப்போது மேசை நிமிர்ந்து நிற்கிறது.
மீதி மரம் கறுத்திருக்க
ஏரி இருந்த இடம் மட்டும், அதே ஓடையோடு, வெள்ளையாக இருக்கிறது.
'என்னம்மா, இங்க மட்டும் வெளுத்துப்போச்சு?'
என்கிறார் லைன்மேன்.
அவருக்கு எதுவும் சரிப்படாது, ரசம் ஊற்றினேன்.

நேற்று லாரி கிளீனர் பையன் ஒருவன்
சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று
குழம்புக் கையை விளிம்புக்கு அடியில் தேய்த்தான்.
'குழாய் அந்தப் பக்கம் இருக்குடா' என்றேன்,
அவன் துடைத்து முடித்த பிறகு.