ஏழு புள்ளி இரண்டு ஆறு

செவ்வாய்க்கிழமை நான் நைட்ரஜன் ஊற்றும் நாள்.
ஓலு நகரத்து இந்த நிலவறையில்
எனக்குத் தெரியாதது குறைவு:
யார் யாரோடு பேசுவதில்லை,
யாருடைய வங்கி அட்டை
காந்தத்தின் அருகே போய் ஊமையானது.

ஐலா கொண்டுவந்தது மூன்று மில்லிகிராம்.
இனாரிக்கு வடக்கே பாறையில் ஒட்டிய சாம்பல் லைக்கன்
இரண்டு சாக்கு. அரைத்து, ஊறவைத்து, வடித்து,
பிரித்து, மறுபடி பிரித்து,
கடைசியில் கண்ணாடிக் குழாயின் அடியில்
சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஒரு கறை.

முதலில் உடைத்து எடை போட்டார்கள்.
நிறைமானி சில்லுகளைச் சொன்னது,
பானையைச் சொல்லவில்லை.
அகச்சிவப்பில் ஆயிரத்து எழுநூற்று முப்பதில் ஒரு பள்ளம்:
ஓர் ஆக்சிஜன் இரண்டு கையாலும்
ஒரு கார்பனைப் பிடித்திருக்கிறது.
எந்தக் கார்பன்? அது இல்லை.

பிறகுதான் என் காந்தத்துக்கு வந்தாள்.
உள்ளே நடப்பது இவ்வளவே:
எல்லாரையும் ஒரே திசை பார்க்க வைத்து
ஒரு தட்டு தட்டி,
பழைய நிலைக்குத் திரும்பும்போது
அவரவர் முனகுவதைக் கேட்பது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே வெய்க்கோ
இந்தப் பொருளுக்குப் படம் வரைந்து அச்சேற்றிவிட்டார்.
வளையத்தின் மேலே மெத்தில். தடித்த ஆப்புக் கோடு.
இரண்டு அறை தள்ளி அவர்.
மதியம் எங்களுக்கு ஒரே மேசை.

இரவு பதினொன்றுக்குத் திரையில்
இருக்கக்கூடாத ஒரு புள்ளி.
மெத்திலின் ஹைட்ரஜனும் ஒன்பதாம் கார்பனின் ஹைட்ரஜனும்
ஒன்றையொன்று கேட்கின்றன.
பிணைப்பு வழியாக அல்ல,
அந்தத் தெருவில் சுற்றிப் போனால் எட்டு வீடு.
இது கொல்லைப்புறச் சுவர் வழியாக.
ஐந்து ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால்தான் முடியும்.
மெத்தில் கீழே இருந்தால்தான் முடியும்.

ஐலா குழாயை எடுத்துத் துடைத்து
மறுபடி இறக்கினாள்.
அதே புள்ளி.
இரைச்சலாக இருக்கலாம் என்றேன்.
வெய்க்கோவின் முகம் எனக்குத் தெரியும்,
அதனால் சொன்னேன்.

காலையில் வந்தார்.
சாவி, கைக்கடிகாரம், பெல்ட்
எல்லாவற்றையும் வாசல் தட்டில் போட்டுவிட்டு
வெகுநேரம் நின்று பார்த்தார்.
கேட்டது ஒன்றுதான்:
அளவுகோலை எதில் நிறுத்தினாய்?

கரைப்பானில், என்றாள்.

கன ஹைட்ரஜன் போட்ட குளோரோஃபார்மிலும்
சாதாரணது கொஞ்சம் மிஞ்சும்.
எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் மிஞ்சும்.
ஏழு புள்ளி இரண்டு ஆறில் அது நிற்கும்,
யாருடைய மூலக்கூறிலும் சேராமல்.
மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை
அதை வைத்துத்தான் சொல்கிறோம்.

வெய்க்கோ அந்த முகட்டின் மேல் விரல் வைத்தார்.
"அன்றைக்கு இந்தக் காந்தத்தில் பாதிகூட
எங்களிடம் இல்லை" என்றார்.
பிறகு,
"இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.
மேலே என்று முடிவு செய்துவிட்டுத்தான்
உட்கார்ந்தேன்."

ஒரு படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிர் தீர்த்துவிடும்.
ஆறு கரைப்பானில் போட்டாகிவிட்டது.
எண்ணெய்தான் இறங்குகிறது.

இன்று செவ்வாய்.
வெள்ளைப் புகை கணுக்கால்வரை வந்து கலைகிறது.
வெய்க்கோவின் கைக்கடிகாரம்
இன்னும் வாசல் தட்டில்.
எடுக்க அவர் வரவில்லை.
ஓடிக்கொண்டிருக்கிறது.