நாலு போல்ட்

கொட்பே ஐஸ் கொம்பனியில்
விடியப்புறம் மூன்றரைக்கே
கட்டி உடைக்கிற மெஷினுக்குப் பசிக்கத் தொடங்கும்.
வெளியே கூலர் லொறிகள் வரிசையில் நின்று
ஹோர்ன் அடிக்கும்.

மெஷினின் வாய்க்கு ஒரு மூடி இருந்தது,
கம்பியால் பின்னியது, நாலு போல்ட் இறுக்கியது.
கட்டி சிக்கினால் நாலையும் கழற்றவேண்டும்.
ஏழு நிமிடம்.
ஏழு நிமிடத்தில் ஒரு லொறி
வேறு ஐஸ் தேடிப் போய்விடும் என்று
கணக்குப் பார்த்தார் சுப்பவைசர் பெலிசியன்.
தையில் மூடியைக் கழற்றினார்கள்.
மாசியில் அது பின்வளவில் கிடந்தது,
மேலே சூடை மீன் காய்ந்துகொண்டு.

ஆனியில் என் இடது கை போனது.

முழுக்க அல்ல.
சரியாகச் சொல் என்கிறார்கள் எல்லோரும், சொல்கிறேன்:
பெருவிரல், சுட்டுவிரல்,
நடுவிரலில் இரண்டு கணு.
முதலில் நோகவில்லை, குளிர்ந்தது.
ஐஸ் சிவப்பாய் விழுவதைப் பார்த்து
யாருக்கு என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன்.
றஜாப்தீன் ஓடிப்போய் மெயினை அணைத்தான்.
அந்த ஒரு பெட்டியை மட்டும் ஒதுக்கினார்களாம்.
மற்றதெல்லாம்
நாலரைக்கு லொறி ஏறிவிட்டது.

வார்ட்டுக்குப் பெலிசியன் வந்தார்.
ஒரு நெஸ்டமோல்ட் டின், ஒரு என்வலப்,
சிங்களத்தில் ஒரு கடிதம்.
வாசித்துக் காட்டினார், பாதியை.
மீதியைப் பக்கத்துக் கட்டில் சந்திரதாச
அவர் போன பிறகு எனக்குச் சொன்னார்:
"உன்ட கவலையீனமாம். இனி ஒண்டும் கேக்கமாட்டியாம்."
"கையெழுத்து வராட்டி
இடது பெருவிரலை வை" என்றிருந்தார் பெலிசியன்.
சொல்லிவிட்டுத்தான்
கட்டைப் பார்த்தார்.

எனக்கு எழுத வரும். வலது கை முழுதாக இருக்கிறது.
என்வலப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.
கடிதத்தை வைத்துக்கொண்டேன்.

தொழில் திணைக்களத்தில்
ஒரு மிஸ் அட்டவணையை விரித்தா.
மனுசனைத் துண்டு துண்டாக எழுதியிருந்தது,
இந்த விரலுக்கு இத்தனை வீதம்,
அந்தக் கணுவுக்கு இத்தனை வீதம்.
வலது கையின் நகம் வெட்ட
இனி எனக்கு இன்னொரு ஆள் வேண்டும்.
அதற்கு அங்கே வரி இல்லை.
"வெட்கப்படாதீங்க" என்றா,
"அவங்க தாறது இல்ல இது. உங்கட."
பிறகு கேட்டா:
"மூடி இல்லையெண்டதுக்குச் சாட்சி?"

றஜாப்தீனுக்கு மூன்று பிள்ளைகள், நாட்கூலி.
"நான் ஒண்டும் காணல்ல, மச்சான்."
நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.
நான் அவனிடம் கோபிக்கவில்லை.
கொஞ்சம் கோபித்தேன்.

மிஸ் பார்வையிட வந்த நாள்
மூடி மெஷினில் இருந்தது,
பச்சைப் பெயின்ட், மினுங்கும் நாலு போல்ட்.
"எப்பவும் இருந்ததுதான்" என்றார் பெலிசியன்.
அவ கிட்டப் போனா.
பேனை முனையால் பெயின்டைச் சுரண்டினா.
பச்சைக்கு உள்ளே
சூடைச் செதில்கள்.
ஒன்றை எடுத்து, கடதாசியில் மடித்து
ஃபைலுக்குள் வைத்தா.
யாரும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த தவணை ஐப்பசி என்றார்கள்.
பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.
டவுன் மான் ஒன்று வந்து
என் சேட் பொக்கற்றிலிருந்த கடிதத்தை
மூலையில் கடித்து மெல்லத் தொடங்கியது.
வேறு கடதாசி என்றால் விட்டிருப்பேன்.
வெடுக்கென்று இழுத்தேன்,
இருந்த இரண்டரை விரலால்.

நேற்று இரவு றஜாப்தீன் போன் எடுத்தான்.
கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை,
காற்றுத்தான் கேட்டது.
பிறகு,
"இப்ப சிக்கினா
நாலு போல்ட்டையும் கழட்டித்தான் எடுக்கிறம்.
ஏழு நிமிசம்.
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்" என்றான்.
"அடிக்கட்டும்" என்றேன்.
"அதத்தான் நானும் சொன்ன" என்றான்.
பிறகு கேட்டான்,
ஐப்பசியில்
எத்தனையாம் திகதி என்று.