கருநீலக் குடை

க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் பழைய அரங்கில்
ஹிஸ்கே தோல்ஸ்மாவுக்கு இன்று விழா.
பட்டயத்தில் அவள் பெயரை ஓர் எழுத்து பிசகிப் பொறித்திருந்தார்கள்.
உரக்கப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"யாரோ இந்தப் பெண், நன்றாக உழைத்திருக்கிறாள்."

என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள்.
முப்பத்தெட்டு வருடச் சண்டையைப் பத்து நிமிடத்தில் மடிப்பது
அவளுக்குக் கைவரும், எனக்கு வராது.

அவள் செய்த நிரல்மொழியின் பெயர் ஸ்லூஸ்.
அவள் ஊர்க் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுக்கு
ஃப்ரிசிய மொழியில் அதுதான் பெயர்.
முன்கதவு மூடாமல் பின்கதவு திறக்காது.
அவ்வளவுதான் கருத்து.
அதைச் சொல்ல இருநூற்றுப் பதினான்கு பக்கம்,
அதில் நாற்பது பக்கம் முழுக்கக் கிரேக்க எழுத்து.

ஸ்லூஸில் எழுதியவர்கள் மொத்தம் பதினொரு பேர்,
அவளையும் என்னையும் சேர்த்து.
ஒருவர் லைடனுக்குப் போய்விட்டார்.
இன்னொருவர் வில்லம்பியன்,
அச்சுப்பொறி அறையின் இரவுக் காவலாளி;
காகிதம் ஓடி முடியும்வரை சும்மா இருக்க முடியாமல் கற்றுக்கொண்டவர்,
எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக எழுதியவர்.

பிழைச் செய்திகளை அவளே உட்கார்ந்து எழுதினாள்.
"பன்னிரண்டாம் வரியில் எதையோ திறந்துவிட்டு மறந்தாய்.
காப்பி குடித்துவிட்டு வா."
வில்லம்பியன் அதை வெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்.

அந்த மொழியின் முதல் விதி என்னால் பிறந்தது.
எண்பத்தாறு நவம்பர், வெள்ளிக்கிழமை, மழை.
மாடிப்படியோரம் அவள் குடையை இரவல் கேட்டேன்,
எடுத்துக்கொள் என்றாள்.
திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தேன்.
கரும்பலகையில் எழுதியிருந்தாள்:
ஒரு பொருளுக்கு ஒரே உரிமையாளர்.
வாங்கியவன் திருப்பித் தராதவரை
கொடுத்தவள் வெளியே போக முடியாது.
கீழே, பொடி எழுத்தில்: நனைந்தேன்.

எதிர்த்துக் கட்டுரை எழுதினேன்.
கம்பைலர் என்ன வட்டிக்கடையா,
வாசலில் நின்று கணக்குக் கேட்க, என்றேன்.
அவள் பதிலில் ஒரு வாதமும் இல்லை.
நான் எழுதிய நிரல் ஒன்றை எடுத்து
எந்த வரியில் உடையும் என்று ஓர் எண் மட்டும் குறித்திருந்தாள்.
உடைந்தது,
அந்த வரியில்.

பிறகு மானியம் நின்றது.
ஸ்லூஸ் ஓடிய கணினியை எடைக்குப் போட்டார்கள்.
சைக்கிளில் வந்தாள், பாடம் நடத்தினாள், சைக்கிளில் போனாள்.
விதி மட்டும் கசிந்துகொண்டிருந்தது:
யாரோ ஒரு மாணவியின் ஆய்வேட்டில், ஓர் அடிக்குறிப்பில்,
அவளைக் கேள்விப்படாத பிள்ளைகள் செய்த மொழிகளில்.
இன்று ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே
நிற்காமல் போகிறது.
யாரும் இறங்கும்போது நன்றி சொல்வதில்லை.
நடக்காமல் போன ஒன்றுக்கு எப்படிக் கைதட்டுவது?

இதையெல்லாம் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.
படிக்கவில்லை.
மேடைக்குக் கீழே வைத்திருந்த குடையை எடுத்து நீட்டினேன்.
அரங்கம் சிரித்தது, பாதிப் பேருக்குக் கதை தெரியும்.
அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.
"இது என்னுடையது இல்லை.
என்னுடையது கறுப்பு, பிடியில் கீறல் இருக்கும்.
இது கருநீலம்."

நான்கு வீடு மாறியபோதும்
தூக்கி எறிய மனமின்றி,
கொண்டுபோய்க் கொடுக்கவும் முகமின்றி
வேறு யாருடைய குடைக்கோ குற்றவாளியாய் இருந்திருக்கிறேன்.
"அப்படியானால் அந்த விதி?" என்றேன், ஒலிபெருக்கியில்.
"விதி சரிதான்," என்றாள்.
"உதாரணம்தான் தப்பு."

வெளியே மழை.
கோட்டின் தலையுறையை இழுத்துவிட்டு
பட்டயத்தைச் சைக்கிள் கூடையில் குப்புறப் போட்டு
விளக்கைப் பொருத்திக்கொண்டு போய்விட்டாள்.

உரிமையாளர் தெரியாத பொருளை என்ன செய்வது?
அதற்கும் விதி உண்டு, நூற்றாறாம் பக்கத்தில்.
மறுப்பெழுதும் அவசரத்தில்
நான் தாண்டிப்போன பக்கம்.

விரித்தேன்.
ஒரு கம்பி உடைந்திருந்தது.